பதில்: பிக்கிள்பாலை ஒலிம்பிக்கில் சேர்க்கக் கையெழுத்து வேட்டை போதுமா?

வணக்கம். பிக்கிள்பாலை (சிறு மட்டையும் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தும் கொண்டு ஆடும் ஆட்டம்) ஒலிம்பிக்கில் சேர்க்கச் சொல்லிக் கையெழுத்துகளைத் திரட்டியும் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியிடமிருந்து பதிலே வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மனம் தளராதீர்கள், ஆனால் தட்ட வேண்டிய கதவு அது இல்லை.

ஸ்குவாஷ் பட்ட பாட்டைப் பாருங்கள். 2012, 2016, 2020 ஒலிம்பிக்குகளில் இடம்பெற மூன்று முறை முயன்று தோற்றது. 2020-இல் இடம்பெறும் விளையாட்டைத் தேர்ந்தெடுக்க 2013-இல் பியூனஸ் அயர்ஸில் கமிட்டி நடத்திய வாக்கெடுப்பில் மல்யுத்தத்துக்கு 49 வாக்கு, ஸ்குவாஷுக்கு வெறும் 22. அதற்குள் அவர்கள் ஆட்டத்தையே பார்வையாளருக்காக மாற்றியிருந்தார்கள்: நாலு பக்கமும் கண்ணாடிச் சுவர், கேமராவில் பளிச்சென்று தெரிய வெள்ளைப் பந்து. அப்படியும் கிடைக்கவில்லை! கடைசியில் வழிவிட்டது போட்டியை நடத்தும் நகரம்தான். நடத்துபவர்களே கூடுதல் விளையாட்டுகளைப் பரிந்துரைக்கலாம் என்று விதி மாறியிருந்தது. 2028 போட்டிக்காக லாஸ் ஏஞ்சல்ஸ் கேட்டது, 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய கமிட்டியின் அமர்வு ஒப்புக்கொண்டது.

பிக்கிள்பாலுக்கு முதல் முட்டுக்கட்டை வேறு. உலக அமைப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுக்கு மேல் கிளம்பின. ஒலிம்பிக் கமிட்டி ஒரு விளையாட்டுக்கு ஒரே சர்வதேசக் கூட்டமைப்பைத்தான் அங்கீகரிக்கும். ஆகவே உங்கள் மனுவை உங்கள் தேசியச் சங்கத்துக்குத் திருப்புங்கள். கூட்டமைப்புகள் ஒன்றுசேரக் குரல் கொடுக்கச் சொல்லுங்கள், ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளை ஏற்றார்களா என்றும் கேளுங்கள். மனுவின் வாசகத்தை இங்கே போடுங்கள், சேர்ந்து திருத்துவோம்.