நானோ ஜெர்கினும் சேப்பங்கிழங்கு இலையும்

கேள்வி: சார், நானோ டெக்னாலஜி ஆராய்ச்சி இப்போ எந்த லெவல்ல இருக்கு, நாளைக்கு எங்களை மாதிரி கேரட் போடுறவனுக்கு ஏதாச்சும் கிடைக்குமா?
ஒரு வாசகர், கேத்தி

பதில்: நானோன்னு படிச்சதும் எனக்கு கேரட் ஞாபகம் வரலங்க, என் ஜெர்கின்தான் வந்துச்சு. போன ஜூன்ல ஊட்டி மார்க்கெட்ல ஒரு கடைக்காரர் ‘நானோ கோட்டிங் சார், சொட்டுத் தண்ணி ஒட்டாது’ன்னு 900 ரூபாய்க்கு தலையில கட்டிட்டார், டம்ளர்ல தண்ணி ஊத்திக் காட்டினப்போ உருண்டுதான் ஓடுச்சு, பொய் சொல்லக்கூடாது. ஆனா லவ்டேல்ல பஸ்ஸுக்கு நின்ன இருபது நிமிஷ சாரல்ல தோள் தையல் வழியா இறங்கி பனியன் வரைக்கும் நனைஞ்சு, பாக்கெட்ல இருந்த ப்ரூஃப் பேப்பர் கூழாயிடுச்சு. (அந்த இதழ்ல எழுத்துப்பிழை ஜாஸ்தின்னு கார்டு போட்டவங்களுக்கு இப்போ விஷயம் புரிஞ்சிருக்கும்.)

பக்கத்து ஓடையில சேப்பங்கிழங்கு இலை மேல அதே மழை முத்து முத்தா உருண்டுட்டு இருந்துச்சு. அதாங்க நானோ, அதாவது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமா வெட்டினா வர்ற நானோமீட்டர் கணக்குல நடக்குற வேலை. கண்ணுக்குத் தெரியாத மெழுகுத் துணுக்கு, இடுக்குல காத்து, தண்ணி ஒட்டி உட்கார இடமே இல்ல. தாமரை இலையில இது எப்படி நடக்குதுன்னு 1997ல பார்த்லாட்னு ஒரு ஜெர்மன்காரர் எழுதினார், நாம ‘தாமரை இலைத் தண்ணி’ன்னு சொந்தக்காரங்களைத் திட்டுறதோட நிறுத்திக்கிட்டோம்.

இதைச் சொன்னா முன்னோர் கோஷ்டி கிளம்பிடும். கீழடி பானை ஓட்டுல கார்பன் நானோகுழாய் (கரி அணுவால ஆன ரொம்பப் பொடிக் குழாய்) இருக்குன்னு 2020ல பேப்பர் வந்தது நிஜம், அதுக்காக ‘தமிழன் அன்னிக்கே லேப் வச்சிருந்தான்’னு எனக்கு தினம் ஃபார்வர்டு வருது. குயவர் சூளையை ஒழுங்கா எரிச்சிருக்கார், கருப்புப் பூச்சு ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல நிக்குது, அந்தப் பெருமை பத்தாதாய்யா?

சரி, உங்க விஷயம். அரை லிட்டர் நானோ யூரியா 45 கிலோ சாதா யூரியா மூட்டைக்குச் சமம்னு 2021ல விட்டாங்க. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் ரெண்டு வருஷம் வயல்ல போட்டுப் பாத்ததுல, யூரியாவைக் குறைச்சுட்டு இதைத் தெளிச்ச இடத்துல நெல்லு, கோதுமை ரெண்டுமே மகசூல் இறங்கிடுச்சு. நீங்க ஒரே ஒரு பாத்தியில மட்டும் அடிச்சுப் பாருங்க, முழுத் தோட்டத்துல வேணாம். மனுஷனுக்குப் போடுற மருந்து பக்கம் சமாச்சாரம் வேற. ஃபைசர், மாடர்னா கொரோனா ஊசியில மருந்தைச் சுத்தி இருக்கிற கொழுப்பு உருண்டை சுமார் 100 நானோமீட்டர், நம்ம தலைமுடி தடிமனே 80,000 வரும். அமெரிக்கால உங்க சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தா அவங்க கையில அனேகமா அதுதான் ஏறியிருக்கும், அதுக்கு யாரும் நானோ ஊசின்னு பேர் வச்சு கூவி விக்கல.

ஜெர்கினைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ‘நல்ல வெயில்ல ரெண்டு நாள் போடுங்க சார், கோட்டிங் திரும்ப வந்துரும்’னார். ஜூலை மாசம், ஊட்டியில.