ஆண்கடலை ஆழ்கடல் ஆக்கிய திருத்தம்

வணக்கம் அண்ணே,

நான் பாம்பன் பக்கம். அம்மா தீவுகளுக்குப் போய் கடற்பாசி எடுக்கிறவர். அவரை வைத்து முதல்முறையாக ஒரு கதை எழுதினேன். பிழை திருத்தலாம் என்று போனில் இருக்கும் ஏஐ செயலியில் போட்டேன். அது பிழையோடு நிற்காமல் கதையையே மாற்றி எழுதிவிட்டது. தோழி இரண்டையும் படித்துவிட்டு, "அது எழுதுனதுதான் கதை மாதிரி இருக்கு" என்கிறாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதைப் பயன்படுத்துவது தப்பா? பத்திரிகைக்கு அனுப்பினால் சொல்லியே ஆக வேண்டுமா? இரண்டையும் இணைத்திருக்கிறேன்.

பெயர் வேண்டாமே,
பாம்பன்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் தோழி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அது எழுதியது கதை மாதிரி இருக்கிறது. நீங்கள் எழுதியது கதை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். மூன்றாவது வரியிலேயே மாட்டிக்கொண்டது. "அம்மா ஆண்கடலுக்குப் போன நாள்" என்று நீங்கள் எழுதியதை அது "ஆழ்கடலுக்குச் சென்ற நாள்" என்று திருத்தியிருக்கிறது. எழுத்துப்பிழை என்று நினைத்துவிட்டது போல. வடக்கே பாக் நீரிணைப் பக்கம் அலை அடங்கிக் கிடப்பது பெண்கடல், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் சீறுவது ஆண்கடல் என்று பாம்பனில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சரி, சொல்தான் போகட்டும் என்றாலும் விஷயமும் போய்விட்டதே! பாசி எடுக்கிற பெண்கள் மூழ்குவது தீவுகளை ஒட்டிய பாறைத் திட்டுகளில், ஆழம் குறைந்த தண்ணீரில். ஒரே ஓர் எழுத்தைத் திருத்தி, உங்கள் அம்மாவை அவர் ஒருநாளும் போகாத இடத்துக்கு அனுப்பிவிட்டது.

அடுத்தது இன்னும் மோசம். அம்மா கரைக்கு வந்து வீடு திரும்பும் இடம். நீங்கள் எழுதியது: "அம்மா சேலை மாத்திட்டு உலை வச்சா. விரல்ல சுத்துன துணிய அவுக்க மறந்துட்டா." செயலி தந்தது: "கடலன்னையின் மடியிலிருந்து மீண்ட அம்மாவின் முகத்தில் களைப்பும் நம்பிக்கையும் ஒருங்கே ஒளிர்ந்தன."

பாறை கிழிக்காமல் இருக்க விரலில் சுற்றிய கந்தல் துணி. அதோடு அரிசி களைகிற கை. அந்த ஈரத்துணியைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் மேலே படிக்கவில்லை. செயலிக்கு அதுதான் வேண்டாத சாமானாகத் தெரிந்திருக்கிறது. அது வேலை செய்யும் விதம் அப்படி. மலை மலையாக எழுத்தைப் படித்து, இந்தச் சொல்லுக்குப் பின்னால் எது வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போடுகிறது. உழைத்துத் திரும்பும் அம்மா என்றால் முகத்தில் களைப்பும் நம்பிக்கையும் ஒளிர்வதாகத்தான் பலர் எழுதித் தள்ளியிருக்கிறார்கள் (நானும் ஆரம்பத்தில் எழுதியவன்தான்). அந்த மலையில் தமிழே கொஞ்சம். அதிலும் நம் கரை ஒரு பிடி மணல். கச்சான் காற்றில் வள்ளம் வலிப்பவர் யாரும் கரைக்கு வந்து அதை டைப் செய்து வைக்கவில்லை.

அதனால் தொடாதே என்று சொல்லப் போகிறேன் என நினைக்காதீர்கள். நானே பயன்படுத்துகிறேன். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த இரவை வைத்து ஒரு கதை எழுதிக்கொண்டிருந்தபோது, கடலோடு போன அந்த ரயிலில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டேன். ஓர் எண் சொன்னது. மறுநாள் கேட்டால் வேறோர் எண், அதே தைரியத்தோடு. அன்றோடு தகவல் கேட்பதை விட்டேன். ஆனால் கதையைக் கொடுத்து, "இதில் யாருக்கு யார் என்ன உறவு, அதை மட்டும் சொல்" என்றேன். கதையில் வரும் விதவையின் தம்பியை அவள் புருஷன் என்றது! எரிச்சலோடு திரும்பிப் பார்த்தால் தப்பு என்னுடையது. இரண்டு பக்கத்துக்கு "அவன்" "அவன்" என்றே எழுதி, யார் என்று சொல்லாமல் விட்டிருக்கிறேன். இந்த மாதிரி வேலைக்கு அது நல்ல ஆள். என்ன புரிந்தது என்று கேளுங்கள். பேனாவை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

பத்திரிகைக்குச் சொல்ல வேண்டுமா என்ற கேள்விக்கு: சொல்லிவிடுங்கள். எழுத்துப்பிழை பார்க்க மட்டும் என்றால் பெரும்பாலும் யாரும் கவலைப்படப் போவதில்லை. அது எழுதிய வாக்கியத்தை எடுத்துக்கொண்டால் சொல்லியாக வேண்டும். 2024 ஜனவரியில் ஜப்பானின் அகுதகவா இலக்கிய விருது வாங்கிய எழுத்தாளர் ரியே குடான், நாவலில் ஏறக்குறைய 5 சதவீதம் ஏஐ தந்த வாக்கியங்கள் என்று அவராகவே சொன்னார். கொஞ்சம் சலசலப்பு எழுந்தது. ஆனால் கதைக்குள்ளேயே ஓர் ஏஐ பதில் சொல்லும் இடங்கள் அவை. இயந்திரம் பேசவேண்டிய இடத்தில் இயந்திரத்தையே பேசவிட்டார், அவ்வளவுதான். இன்னொரு பக்கம், அமெரிக்க அறிவியல் புனைகதை இதழான கிளார்க்ஸ்வேர்ல்ட், இயந்திரம் எழுதிய கதைகள் வந்து குவிந்ததால் 2023 பிப்ரவரியில் கொஞ்ச காலம் கதை வாங்குவதையே நிறுத்திவிட்டது. ஆசிரியர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று புரிகிறதல்லவா? நமக்கென்ன, மறைக்காமல் ஒரு வரி எழுதிவிட்டால் தீர்ந்தது.

உங்கள் பழைய பிரதியையே அனுப்புங்கள். ஒற்றுப்பிழைகளை நான் பென்சிலில் குறித்திருக்கிறேன், பதினோரு இடம். அப்புறம் ஒரு சந்தேகம். இரண்டாம் பக்கத்தில் அம்மா பாசியை இடுப்பில் கட்டிய வலைப்பையில் போடுகிறார். ஐந்தாம் பக்கத்தில் தண்ணீருக்குள்ளேயே சாக்கில் அடைக்கிறார். நானாகத் திருத்தவில்லை. அம்மா இன்று கடலுக்குப் போகவில்லை என்றால் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்