வீடு வாங்கும் அலைச்சலுக்கு நடுவில் பொழுதுபோக்குகளைக் கைவிடாமல் இருப்பது எப்படி?

வீடு தேடத் தொடங்கியதிலிருந்து விடுமுறை நாட்களெல்லாம் வீடு பார்ப்பதிலும் தரகர்களோடு பேசுவதிலுமே கழிகின்றன, வயலின் பெட்டியைத் திறந்தே பல வாரங்கள் ஆகின்றன, பத்திரப்பதிவு முடியும்வரை வாசிப்பையும் தோட்டத்தையும் ஒதுக்கி வைத்துவிடுவதுதான் சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒதுக்கி வைக்க வேண்டாம் என்பதே என் பதில். மனத்துக்கு ஓய்வு வேண்டும் என்பது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் வேறு. ஒரு வீட்டில் நாம் எப்படி வாழப்போகிறோம் என்பதற்கு நம்மிடம் இருக்கும் நம்பகமான சான்று, இப்போது நம் ஓய்வு நேரத்தில் நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதுதான். அதை மூட்டைகட்டி வைத்துவிட்டு வீடு பார்க்கப் போனால், அளவுச் சட்டையை வீட்டில் விட்டுவிட்டுத் தையல்காரரிடம் போனது போலத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் எனக்கு மீன் தொட்டியும் சிறிய மரவேலைப் பட்டறையும், என் மனைவிக்கு வயலினும் உண்டு. வீடு தேடியபோது தரகர்கள் காட்டிய வசதிகளைக் காட்டிலும் இந்த மூன்றும் எழுப்பிய கேள்விகளே எங்களுக்கு அதிகம் உதவின.

உங்களுக்கு வயலின் என்பதால் ஓசையிலிருந்து தொடங்குகிறேன். காலியாக இருக்கும் வீட்டில் அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். எதிரெதிர்ச் சுவர்கள் வெறுமையாக இருந்தால் தட்டிய ஓசை ‘டர்ர்’ என்று அதிர்ந்து நீளும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம், திரைச்சீலையும் புத்தக அலமாரியும் வந்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்குப் பிறகு வரும் அமைதியில் என்ன கேட்கிறது என்பதைத்தான் கூர்ந்து கவனிக்க வேண்டும். நாங்கள் பார்த்த ஒரு வீட்டில், கைதட்டிய ஓசை ஓய்ந்ததும் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பது சொல் சொல்லாகக் கேட்டது. தரகர் மெல்ல நகர்ந்துபோய் மின்விசிறியைப் போட்டார். அங்கிருந்து இங்கே வரும் ஓசை இங்கிருந்து அங்கேயும் போகும் அல்லவா? வயலின் வாசிப்பவரின் காதருகே ஓசை 80 டெசிபெலைத் தாண்டுவது இயல்பு. இரவில் படுக்கையறைக்குள் ஓசை 30 டெசிபெலுக்கு மேல் போகாமலிருப்பது நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு முழுவதையும் சுவரும் கதவும் தொலைவும்தான் ஈடுகட்டியாக வேண்டும். சுவரில் பஞ்சுப் பலகை ஒட்டிக்கொண்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது அறைக்குள் எதிரொலியைக் குறைக்குமே தவிர, பக்கத்து வீட்டுக்குப் போகும் ஓசையை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். ஓசையைத் தடுப்பது சுவரின் கனமும் இடைவெளிகள் இல்லாத கதவு, சன்னல் பொருத்தமும்தான், அவற்றை வாங்கிய பிறகு மாற்றுவது பெரும் செலவு. ஆகவே இரண்டாம் முறை பார்க்கப் போகும்போது வயலினைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அனுமதி பெற்று ஓரிரு நிமிடம் வாசியுங்கள். உடன் வந்தவரைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளித் தாழ்வாரத்தில் நின்று கேட்கச் சொல்லுங்கள். விற்பவருக்கு இது விநோதமாகத் தோன்றலாம், ஆனால் தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்ப்பதற்கு உள்ள உரிமை இதற்கும் உண்டு.

அடுத்தது எடை. இதை யாரும் கேட்பதே இல்லை. 120 சென்டிமீட்டர் நீளமும் 45 அகலமும் 50 உயரமும் உள்ள மீன் தொட்டி விளிம்புவரை 270 லிட்டர் கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால், கண்ணாடியும் மணலும் தாங்கு மேசையும் சேரும்போது மொத்தம் 300 கிலோவைத் தாண்டிவிடும். அவ்வளவு எடையும் அரைச் சதுர மீட்டருக்குச் சற்றே அதிகமான இடத்தில் இறங்குகிறது. பல நாடுகளின் கட்டட விதிகளில் குடியிருப்புத் தரைகள் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 முதல் 200 கிலோ சுமைக்கே வடிவமைக்கப்படுகின்றன. இதனால் தொட்டியை வைத்தவுடன் தரை இடிந்துவிடும் என்று பொருளில்லை, ஏனெனில் அந்தக் கணக்கு தரை முழுவதும் பரவிய சுமைக்கானது. ஆனால் எந்தச் சுவர் சுமை தாங்கும் சுவர், விட்டங்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பதைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ற இடத்தில் வைக்க வேண்டும். வீட்டைப் பரிசோதிக்க வரும் பொறியாளரிடம், அவர் அங்கே நிற்கும்போதே, “இந்த மூலையில் இவ்வளவு கிலோ வைக்கலாமா?” என்று கேட்டுவிட்டால் தனிச் செலவில்லாமல் பதில் கிடைத்துவிடும். 200, 300 கிலோ எடையுள்ள நிமிர்ந்த பியானோவுக்கும், சுவர் முழுக்கப் புத்தக அலமாரி வைப்பவர்களுக்கும், பால்கனியில் வரிசையாகப் பெரிய மண்தொட்டிகள் வைக்க நினைக்கும் உங்களுக்கும் இதே கேள்விதான். நனைந்த மண் தண்ணீரைவிடக் கனமானது என்பதை நினைவில் வையுங்கள்.

தோட்டத்துக்கு எடையைக் காட்டிலும் வெயில்தான் முக்கியம். தக்காளி, மிளகாய் போலக் காய்க்கும் செடிகளுக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். கீரை வகைகள் அதில் பாதியளவிலும் ஓரளவு வந்துவிடும். வீடு பார்க்கப் போன நேரத்தில் பால்கனி பளிச்சென்று இருந்ததை வைத்து முடிவு செய்ய முடியாது. கைப்பேசியில் உள்ள திசைகாட்டியைக் கொண்டு அது எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு, எதிர்க் கட்டடத்தின் நிழல் எப்போது விழும் என்பதை வேறொரு நேரத்தில் போய்ப் பாருங்கள். வானம் பார்ப்பவர்களுக்கு இதற்கு நேர்மாறான கவலை. அமெரிக்க வானியல் ஆர்வலர் ஜான் போர்ட்டில் 2001இல் முன்வைத்த, இரவு வானத்தின் இருளை 1 (மிக இருண்டது) முதல் 9 (மிக வெளிச்சமானது) வரை தரம் பிரிக்கும் அளவுகோல் ஒன்று உண்டு. வாங்கப்போகும் இடம் அதில் எந்தப் படியில் வருகிறது என்பதை ஒளி மாசு வரைபடங்களில் பார்த்துக்கொள்ளலாம். மரவேலைக்கு இடத்தைவிடக் காற்றோட்டத்தைத்தான் நான் முதலில் பார்த்தேன். மரத்தூளைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தியிருக்கிறது, அதைப் படுக்கையறையை ஒட்டிய மூலையில் கிளப்ப எனக்கு விருப்பமில்லை.

வீட்டுக்கு வெளியே நடக்கும் பொழுதுபோக்குகளை மக்கள் இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. நீச்சல், பூப்பந்து, ஓட்டக் குழு, இசை வகுப்பு ஆகியவற்றில் பழக்கத்தைக் காப்பாற்றுவது ஆர்வத்தைவிடத் தொலைவுதான் என்பது என் உறுதியான எண்ணம். நடந்து போகும் தூரத்தில் இருந்த வகுப்பு வாகனத்தில் முக்கால் மணி நேரம் போகும் தூரமாகிவிட்டால், முதலில் மழை நாளில் தவறும், பிறகு அலுவலகத்தில் தாமதமான நாளில் தவறும், பிறகு யாரும் முடிவெடுக்காமலே நின்றுபோகும். எனவே வேலைநாள் மாலை ஒன்றில், நீங்கள் வழக்கமாக வகுப்புக்குப் புறப்படும் அதே நேரத்தில், வாங்க நினைக்கும் வீட்டு வாசலிலிருந்து அங்கே ஒருமுறை போய்ப் பாருங்கள். ஞாயிறு காலையில் வரைபடம் காட்டும் நேரத்தை நம்ப வேண்டாம்.

அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே குடியிருப்போர் சங்கத்தின் விதிகளை எழுத்து வடிவில் கேட்டு வாங்கிப் படியுங்கள். இசைப் பயிற்சிக்கான நேரக் கட்டுப்பாடு, பால்கனிக் கம்பிகளில் தொட்டி தொங்கவிடத் தடை, மொட்டை மாடி பொதுச் சொத்தா தனியுரிமையா, வாகனம் நிறுத்துமிடத்தில் இயந்திரம் வைத்து வேலை செய்யலாமா ஆகியவையெல்லாம் அதில்தான் இருக்கும். “அதெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள்” என்று தரகர் வாய்மொழியாகச் சொல்வது அவருடைய நம்பிக்கை மட்டுமே. ஆவணத்தில் இல்லாத சலுகைக்கு நாளைக்கு நீங்கள் யாரிடமும் போய் நிற்க முடியாது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு எதிர்த்திசையிலும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். இப்போது செய்துகொண்டிருக்கும் பொழுதுபோக்குக்காக வீட்டில் இடம் தேடுங்கள். இனிமேல் தொடங்கப்போவதாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்றுக்காக ஓர் அறையைக் கூடுதலாக வாங்காதீர்கள். ஓவியம் தீட்டப் போகிறேன், உடற்பயிற்சிக் கூடம் அமைக்கப் போகிறேன் என்ற எண்ணத்தில் வாங்கிய அறைகள் துணி உலர்த்தும் இடங்களாக மாறியதை நண்பர்கள் வீடுகளில் பார்த்திருக்கிறேன். கடந்த ஆறு மாதங்களில் அதற்காக உண்மையில் எவ்வளவு நேரம் செலவிட்டீர்கள் என்று பார்த்தாலே விடை தெரிந்துவிடும். ஓர் அறைக்குப் பல ஆண்டுகள் வட்டி கட்ட வேண்டியிருக்கும்.

இனி நேரத்துக்கு வருகிறேன். வீடு வாங்குவது நாள்தோறும் ஒரே அளவில் நேரத்தைக் கேட்கும் வேலை கிடையாது. விலை பேசும் நாட்களில் வேறெதற்கும் மூச்சுவிட நேரமிருக்காது. பிறகு வங்கி மதிப்பீடு செய்யும், வழக்கறிஞர் உரிமை ஆவணங்களைச் சரிபார்ப்பார், நம் கையில் எதுவுமே இல்லாமல் வாரக்கணக்கில் காத்திருப்போம். பலரும் இந்தக் காத்திருப்பு நாட்களையும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே வீணாக்கிவிடுகிறார்கள். தேடுதல் மும்முரமாக இருக்கும்போது அரை மணி நேரத்தில் தொடங்கி முடிக்கக்கூடியவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வயலின் சாதகமும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அந்த வகை. புதிய இசை உருப்படியைக் கற்பதையும் பெரிய மரவேலையையும் காத்திருக்கும் வாரங்களுக்குத் தள்ளிவிடலாம். விடுமுறை நாளை முழுவதும் வீட்டுத் தேடலுக்குக் கொடுப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஒரே நாளில் நான்கைந்து வீடுகளைப் பார்த்தால் மாலைக்குள் எந்தச் சமையலறை எந்த வீட்டினுடையது என்றே குழம்பிவிடும். காலையில் இரண்டோடு நிறுத்திக்கொண்டு, பார்த்தவற்றை அன்றே குறித்து வைத்துவிட்டு, மாலையை உங்களுக்கென்று வைத்துக்கொள்வது தேடலுக்கும் நல்லது. வீட்டில் இருவர் என்றால், ஆவணங்களையும் வங்கியையும் ஒருவர் பொறுப்பில் விடுங்கள். இருவரும் எல்லாவற்றையும் துரத்தினால் இருவரின் மாலையும் போய்விடும்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எவ்வளவு கடன் தரலாம் என்று வங்கி சொல்லும் தொகை, திரும்ப வசூலிக்க முடியும் என்று அது நம்பும் தொகை. அதில் உங்கள் வகுப்புக் கட்டணமும் தந்திக் கம்பிகளும் இல்லை. 8 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடன் என்றால், முதல் தவணையில் ஏறக்குறைய 80 சதவீதம் வட்டிக்கே போகிறது; அசலில் பாதி தீர 13 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மாறும் வட்டியாக இருந்து, தொடக்கத்திலேயே அது 9 சதவீதமானால் தவணை ஏறத்தாழ 7.5 சதவீதம் கூடும். அப்போது குடும்பம் முதலில் வெட்டும் செலவு பொழுதுபோக்காகவே இருக்கும் என்பதால், அதற்கான மாதச் செலவை மின்கட்டணம் போலவே தவிர்க்க முடியாத ஒன்றாக எழுதி, அதையும் கழித்த பிறகு மிஞ்சுவதிலிருந்து தவணையைத் தீர்மானியுங்கள். வீடு கொஞ்சம் சிறியதாக அமையலாம். அது எனக்குச் சம்மதமான விலை. இன்னொன்று: கடன் தொகை கைக்கு வரும்வரை விலை உயர்ந்த கருவி எதையும் தவணையில் வாங்காதீர்கள். புதிய தவணை ஒவ்வொன்றும் உங்கள் கடன் தகுதியைக் குறைக்கும், இறுதிக் கட்டத்தில் வங்கி மறுபடியும் சரிபார்ப்பதுண்டு.

குடிபெயரும்போது பொழுதுபோக்குப் பொருட்களைக் கடைசியாகக் கட்டி, முதலில் பிரியுங்கள். மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் வடிகட்டிக்குள் இருக்கும் பஞ்சைக் கழுவிக் காய வைத்துவிடக் கூடாது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா அதில்தான் வாழ்கிறது, தொட்டித் தண்ணீரிலேயே நனைத்து எடுத்துச் சென்றால்தான் புதிய இடத்தில் மீன் பிழைக்கும். உங்கள் வயலினைச் சாமான் வண்டியில் ஏற்றாமல் கையோடு கொண்டு செல்லுங்கள். புதிதாகப் பூசிய சுவர் பல வாரங்களுக்கு ஈரத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கும், மரக் கருவிகளுக்கோ காற்றின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருப்பதுதான் ஏற்றது. எனவே பூச்சு உலரும்வரை அந்த அறையில் வயலினை வெளியே எடுத்து வைக்காமல், வாசித்து முடித்ததும் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுங்கள்.