ஹீட்டர் காயிலை முறுக்கிச் சேர்க்கலாமா?

கேள்வி: மார்கழி, தையில் எங்கள் பக்கம் குளிர் தாங்க முடியாது. வீட்டில் இருக்கும் 2,000 வாட் ரூம் ஹீட்டரின் காயில் அறுந்துவிட்டது. இரண்டு முனையையும் முறுக்கிச் சேர்த்தோம். நாலே நாளில் அதே இடத்தில் மறுபடி அறுந்தது. அது என்ன கம்பி? ஏன் இப்படி ஆகிறது?
- வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: அது நிக்ரோம் கம்பி. 80 பங்கு நிக்கல், 20 பங்கு குரோமியம். மின்சாரம் பாய்ந்தால் கம்பி எவ்வளவு சூடாகும் என்ற கணக்கை ஆங்கிலேய இயற்பியலாளர் ஜூல் 1841-லேயே வெளியிட்டுவிட்டார். நீடித்து உழைக்கும் கம்பிதான் கிடைக்கவில்லை. இரும்புக் கம்பி செக்கச்செவேலென்று காய்ந்தால் செதில் செதிலாக உதிரும். உதிர்ந்த இடம் மெலியும், மெலிந்த இடத்தில் சூடு இன்னும் ஏறும், அங்கேயே அறும். ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் நிக்கலோடு குரோமியத்தைச் சேர்த்து இதற்கு வழி கண்டார். 1906 பிப்ரவரியில் காப்புரிமை பெற்றார். குரோமியம் காற்றுபட்டு மெல்லிய தோலாகப் படிந்து, உதிராமல் ஒட்டிக்கொண்டு, உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கிறது. இன்றைக்கும் டோஸ்டர், ஹீட்டர், ஹேர் டிரையர் பலவற்றிலும் அந்தக் கலவைதான்.

உங்கள் முறுக்கைக் கெடுத்ததும் அதே தோல்தான். அது மின்சாரத்தைச் சரியாக விடாது. முறுக்கிய இடத்தில் கம்பிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தொடும். அந்தப் புள்ளிகளில் சூடு குவிந்து பொறி பறக்கும். இன்னொன்று, ஒட்டுப்போடும்போது காயில் குட்டையாகிறது. 230 வோல்ட்டில் 2,000 வாட் காயிலுக்கு சுமார் 26 ஓம் தடை, 8.7 ஆம்பியர் ஓட்டம். பத்தில் ஒரு பங்கு கம்பி போனால் ஓட்டம் 9.7 ஆம்பியருக்கு ஏறும், வாட் 2,200-ஐத் தாண்டும். மிச்சக் கம்பியும் சீக்கிரம் போய்விடும்.

அதனால் புதுக் காயிலே போடுங்கள். பிளக்கைக் கழற்றி, ஹீட்டர் நன்றாக ஆறிய பிறகு, பீங்கான் பள்ளத்தின் நீளத்தை நூலால் அளந்துகொள்ளுங்கள். காயிலை அந்த நீளத்துக்குச் சீராக இழுங்கள். சுற்றுகள் ஓரிடத்தில் நெருங்கி நின்றால் முதலில் அங்கேதான் அறும். இரண்டு முனையிலும் கம்பியை மடித்து இரட்டையாக்கி, வாஷர் வைத்து ஸ்க்ரூவை இறுக்குங்கள்; இரட்டைக் கம்பி அவ்வளவாகச் சூடேறாது, ஸ்க்ரூவும் கருகாது.

பிளக்கை 16 ஆம்பியர் சாக்கெட்டில் மட்டும் மாட்டுங்கள். 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் போர்டு இந்த ஓட்டத்துக்கு உருகிவிடும். எர்த் இல்லாத சாக்கெட்டில் போடவே போடாதீர்கள்.