பழைய பிக்கப்: வாசகர் கேள்வி பதில்

அப்பா ஓட்டிய மஹிந்திரா பிக்கப், பீஜோ டீசல் எஞ்சின், ஆறு வருஷமாகத் தோட்டத்துச் சாளையில் நிற்கிறது. டிராக்டரில் கட்டி இழுத்தால் ஸ்டார்ட் ஆகிவிடும் என்கிறார்கள். இழுக்கலாமா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

இழுக்காதீர்கள். இத்தனை வருஷம் நின்ற எஞ்சினில் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவில் ஒட்டியிருக்கலாம். ஏதாவது ஒரு சிலிண்டரில் தண்ணீர் இறங்கியிருக்கவும் கூடும். டிராக்டர் இழுக்கிற இழுப்பில் ரிங் உடையும், கனெக்டிங் ராடு வளையும். பிறகு எஞ்சினை முழுவதுமாகப் பிரிக்காமல் தீராது.

நான்கு ஹீட்டர் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விடுங்கள். இந்த எஞ்சினில் ஆயில் முன்னறை (டீசல் முதலில் எரியத் தொடங்கும் சிற்றறை) வழியாகத்தான் சிலிண்டருக்குள் இறங்க வேண்டும், அதனால் ஒரு நாள் முழுக்க ஊறட்டும். மறுநாள் கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுங்கள். துளைகளுக்கு நேரே முகத்தை வைக்க வேண்டாம், தண்ணீரோ ஆயிலோ பீய்ச்சும். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்தால் ஹீட்டர் பிளக்குகளைத் திரும்பப் பூட்டிவிட்டு மேலே போகலாம். வரவில்லையென்றால் மீண்டும் ஆயில் விட்டுக் காத்திருங்கள். நீளமான பைப் மாட்டி நெம்ப வேண்டாம்.

அடுத்தது டேங்க். அடியில் தண்ணீரும் கறுப்புக் கசடும் சேர்ந்திருக்கும். டிரெயின் பிளக்கைத் திறந்து முழுவதும் வடித்துவிட்டு, கொஞ்சம் புது டீசலால் அலசி அதையும் வடியுங்கள். எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர் எல்லாம் புதிது. ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள், எலி கூடு கட்ட அதைவிட வசதியான இடம் கிடையாது.

பிறகு டீசல் லைனில் நிற்கும் காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க வேண்டும். ஃபில்டர் தலையில் உள்ள பிளீட் ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை ஹேண்ட் பிரைமரை அடித்து, ஸ்குரூவை மூடுங்கள். பம்பிலும் அதேபோல. கடைசியாக இன்ஜெக்டர் பைப் நட்டுகளை ஒரு சுற்று தளர்த்திக் கிராங்க் செய்தால் டீசல் கசியும். கசிந்ததும் முறுக்குங்கள். செல்ஃபைப் பத்து விநாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது, ஒரு நிமிஷம் ஆற விட்டு மறுபடி அடிக்கலாம்.

பலர் மறப்பது இதைத்தான்: ஸ்டார்ட் செய்வதற்கு முன் எஞ்சினை எப்படி நிறுத்துவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நெடுநாள் நின்ற டீசல் பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் பாகம் பிசினில் ஒட்டிக்கொண்டால், எஞ்சின் ஸ்டார்ட் ஆனதுமே வேகம் எகிறிக்கொண்டு போகும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. ஸ்டாப் நெம்புகோல் தடையின்றி அசைகிறதா என்று முதலிலேயே பாருங்கள். ஏர் இன்டேக் வாயை அடைக்கிற அளவுக்கு ஒரு கெட்டிப் பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். துணி உதவாது, உள்ளே இழுத்துக்கொள்ளும்.

எஞ்சின் ஓடுகிறது, ஆனால் கிளட்சை மிதித்தும் கியர் விழாமல் கரகரக்கிறது என்றால் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கிறது. பெடலை அடிவரை அழுத்தி, சீட்டுக்கும் பெடலுக்கும் இடையே கட்டையை முட்டுக்கொடுத்து இரவு முழுக்க விடுங்கள். பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும்.

பிரேக்கைச் சரிபார்க்காமல் வண்டியைச் சாளையை விட்டு நகர்த்தாதீர்கள். வீல் சிலிண்டர் கப்புகள், மாஸ்டர் சிலிண்டர் கிட், ரப்பர் ஹோஸ்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே உப்பி அடைத்திருக்கும். அப்போது மிதித்த பிரேக் திரும்ப விடாது. பிரேக் ஆயில் டாட் 3. அவசரத்துக்கென்று எஞ்சின் ஆயிலை ஊற்றினால் எல்லா ரப்பரும் ஊதிக் கெட்டுவிடும்.

1968 மாடல் ஜீப் பிக்கப்பை விண்டேஜ் என்று பதிவு செய்யலாமா?
– வாசகர், கோவை

சொந்த உபயோக வண்டியாக இருந்தால் செய்யலாம். 2021 விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு ரூ.20,000, பத்து ஆண்டு செல்லும். எண்ணில் ‘விஏ’ என்று வரும். ஆனால் தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டும்தான். தோட்டத்துக்குத் தேங்காய் ஏற்றுகிற எண்ணம் இருந்தால் இந்தப் பக்கம் போகாதீர்கள்.

மொரிஸ் மைனர் பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறேன். முன் சில்லு கழன்று விழும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
– வாசகர், யாழ்ப்பாணம்

சில்லு கழலாது, மடங்கும். முன் சஸ்பென்ஷனில் ஸ்டியரிங் திருகும்போது ட்ரனியன் என்னும் பாகம் மரையில் சுழல்கிறது. கிரீஸ் போகாவிட்டால் அந்த மரை தேய்ந்து, ஒருநாள் பிடி விட்டுவிடும். மெதுவாகத் திருப்பும்போதே நடக்கக் கூடிய விபத்து இது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கிரீஸ் அடித்துச் சமாளிக்க நினைக்காமல் மாற்றிவிடுங்கள். ஆட்டம் இல்லையென்றால் 1,600 கிலோமீட்டருக்கு ஒருமுறை, பாரம் இறங்கியிருக்கும்படி ஜாக்கியில் தூக்கியே, மேல் கீழ் இரண்டு நிப்பிளிலும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள்.

பிரேக் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. தரைவிரிப்பைத் தூக்கினால் மூடி தெரியும். கண்ணில் படாத இடம் என்பதால் ஆயில் வற்றியதே தெரியாமல் ஓட்டுகிறார்கள். போதாக்குறைக்கு நான்கு சில்லுக்கும் ஒரே பிரேக் சர்க்யூட். ஒரு குழாய் வெடித்தால் மிஞ்சுவது ஹேண்ட்பிரேக் மட்டும்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணையும். எர்த்தை மாற்றாமல் ஆல்டர்னேட்டர் பூட்டினால் டயோடுகள் போய்விடும். டாப்பெட் (வால்வு) இடைவெளி 0.012 அங்குலம், பிளக் இடைவெளி 0.025, ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. ஈயமில்லாத பெட்ரோலில் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கை மெல்ல உள்வாங்கும். டாப்பெட் இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே வந்தால் அதற்கு அறிகுறி. ஹெட்டைக் கழற்றும் நாளில் கடின இருக்கை போட்டுக்கொள்ளலாம்.

1970 செவ்ரோலே சி10, 350 எஞ்சின். கேபினுக்குள் பெட்ரோல் வாடை. முன்பக்கம் டிஸ்க் பிரேக்கும் வேண்டும்.
– வாசகர், ஹூஸ்டன்

1972 வரை இந்த வண்டியின் டேங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடுகிறது. பேட்டரியைக் கழற்றி, டேங்கை வடித்து, வாய்க்குழாய் ஹோஸ், காற்று ஹோஸ், மிதவை கேஸ்கெட் மூன்றையும் மாற்றுங்கள். எத்தனாலைத் தாங்கும் ஹோஸாகப் பார்த்து வாங்குங்கள். எஞ்சின் டிப்ஸ்டிக்கையும் முகர்ந்து பாருங்கள். அதில் பெட்ரோல் வாடை அடித்தால் மெக்கானிக்கல் பம்பின் டயஃப்ரம் கிழிந்து ஆயிலில் கலக்கிறது. அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போகும்.

டிஸ்க் 1971-இல் வந்தது. அந்த வருஷத்து முன்பக்கக் கிராஸ்மெம்பரை அப்படியே பூட்டுவது எளிய வழி. மாஸ்டர் சிலிண்டரும், முன் பின் பிரேக் அழுத்தத்தைப் பங்கிடும் புரொப்போர்ஷனிங் வால்வும் அதற்கு ஏற்றதாக மாற வேண்டும். ஆனால் அதில் சக்கரத்துக்கு ஐந்து ஸ்டட், உங்கள் பின் ஆக்சிலில் ஆறு. பின் ஆக்சிலையும் மாற்றும்வரை இரண்டு ஸ்டெப்னி வைத்துக்கொள்ளுங்கள்.