படுத்ததும் தொடங்கும் கால்

அன்புள்ள ஐயா,

என் அம்மாவுக்கு 52 வயது. இரவு படுத்த கொஞ்ச நேரத்தில் கெண்டைக்காலுக்குள் பூச்சி ஊர்வதுபோல இருக்கிறதாம். எழுந்து நடந்தால் நின்றுவிடுகிறது. படுத்தால் மறுபடியும் வருகிறது. ஹீமோகுளோபின் 12.3, ரத்தம் நார்மல் என்றார்கள். எல்லாம் மனக்கவலை என்கிறார் அப்பா. யோகா பலன் தருமா?

செல்வம்

அன்புள்ள செல்வம்,

யோகா செய்யட்டும், கெடுதல் இல்லை. ஆனால் மனக்கவலை என்ற பேச்சை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். ஓய்வில் வந்து, நடந்தால் விலகி, மாலைக்குமேல் கூடும் இந்த உந்துதலை 1672இலேயே ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் எழுதி வைத்துவிட்டார். 1945இல் ஸ்வீடன் நரம்பியலாளர் எக்பாம் அதற்கு 'ஓய்வற்ற கால்கள்' என்று பெயரிட்டார். தோலுக்கடியில் நிஜமாகவே பூச்சி இருப்பதாக நம்புபவர்களைப் பற்றி 1938இல் எழுதியவரும் அவரே. அவர்கள் 'பூச்சி'யைப் பொட்டலம் கட்டி மருத்துவரிடம் கொண்டுவருவார்கள். உங்கள் அம்மாவுக்கோ பூச்சி இல்லையென்று நன்றாகத் தெரியும்.

அந்த 'நார்மல்' இருக்கிறதே, அதைப் பற்றித்தான் எழுத நினைத்துக்கொண்டிருந்தேன். இரும்பு குறையும்போது முதலில் காலியாவது சேமிப்பு. ஹீமோகுளோபின் கடைசியில்தான் இறங்கும். சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். அதை யாராவது பார்த்தார்களா? லேப் சீட்டில் 15க்கு மேல் இருந்தாலே நார்மல் என்றுதான் பல இடங்களில் அச்சாகும். இந்த நோய்க்கு அந்தக் கணக்கு செல்லாது. 75 அல்லது அதற்குக் கீழே என்றாலே இரும்பு கொடுப்பதைப் பற்றி யோசிக்கிறார்கள். அசைவைச் சீராக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருள் மூளையில் உருவாக இரும்பு வேண்டும்; ரத்தத்தில் போதுமான அளவு இருந்தும் மூளையில் குறைந்திருக்கலாம். காலையில், வெறும் வயிற்றில், டிரான்ஸ்ஃபெரின் செறிவையும் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற அளவு) சேர்த்துப் பாருங்கள். காய்ச்சலோ கிருமித்தொற்றோ உள்ளபோது எடுக்காதீர்கள், ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும்.

பார்க்காமலே கடையில் இரும்பு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மிகுந்த இரும்பு ஈரலில் தங்கும். மருத்துவர் எழுதித் தந்தால், டீ காபியோடு விழுங்கக் கூடாது. எலுமிச்சைச் சாறோடு நல்லது. ஒரு வாரத்தில் ஒன்றும் தெரியாது. மூன்று மாதம் கழித்து மறுபடி ஃபெரிட்டின் பார்க்க வேண்டும். குறைவு என்று வந்தால் ரத்தம் எங்கே போகிறது என்றும் தேடச் சொல்லுங்கள்: மாதவிடாய், மூலம், வயிற்றுப்புண்.

அம்மா அரிப்புக்கோ சளிக்கோ தூக்கம் வரவைக்கும் மாத்திரை போடுகிறாரா? வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு? இரண்டும் இந்தக் கால் தொல்லையைக் கிளறிவிடும். மனநல மாத்திரைகள் சிலவும் அப்படித்தான், ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. டோபமைன் போலவே வேலை செய்யும் பிராமிபெக்ஸோல் மாத்திரையை இதற்கு எழுதித் தந்தால், நாளடைவில் தொல்லை மாலையிலேயே தொடங்கி கைக்கும் பரவக்கூடும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.