சொக்சோ பணம் ஏன் நிற்கிறது? வேலை இழந்தவர்களின் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைப் பற்றியவை. வேலை போய்விட்டது, சொக்சோவின் (மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலைக் காப்புறுதித் திட்டத்தில் விண்ணப்பம் போட்டாகிவிட்டது, பணம் வரவில்லை. பிறையிலும் பாயான் லெப்பாஸிலும் ஃபேக்டரிகளின் பணியாளர் பிரிவில் நான் பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன். ஆட்குறைப்புக் கடிதம் அடித்துக் கொடுத்திருக்கிறேன், ஒரு நாள் அதே மாதிரிக் கடிதத்தை வாங்கியும் இருக்கிறேன். நான் பார்த்தவரை, பணம் தாமதமாவதற்கான காரணம் பெரும்பாலும் கம்பெனியை விட்டு வெளியே வந்த அன்று கையில் இருந்த அந்தக் கடிதத்திலேயே இருக்கும். கீழே உள்ள பதில்களில் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறையில் ஒரு ஃபேக்டரியில் ஒன்பது வருடம் வேலை செய்தேன். லைனை மூடுகிறோம் என்று எங்கள் எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். விண்ணப்பம் போட்டு ஐந்து வாரம் ஆகிறது. “நீங்களாக விலகியதாகத் தெரிகிறது, விளக்கம் தேவை” என்கிறார்கள். நான் விலகவே இல்லை அக்கா!

நீங்கள் அனுப்பிய கடிதத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் தங்கச்சி. முதல் பத்தியில் லைன் மூடப்படுவதாக எழுதியிருக்கிறார்கள், சரி. இரண்டாவது பத்தியின் கடைசி வரியில் “பெர்லெதாக்கான் ஜாவாத்தான்” என்று இருக்கிறது பாருங்கள். மலாயில் அப்படியென்றால் ராஜினாமா. அதற்குக் கீழே உங்கள் கையெழுத்து. ஆபீஸில் பழைய கடிதம் ஒன்றை எடுத்து, பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி அடித்திருப்பார்கள். இதில் கெட்ட எண்ணம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்த இரண்டு சொல்தான் உங்கள் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறது. தானாக விலகியவருக்கு இந்தத் திட்டத்தில் பணம் கிடையாது. இரண்டு தரப்பும் நிபந்தனையில்லாமல் பேசிப் பிரிந்தாலும் கிடையாது. விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரிக்கு உங்கள் லைன் மூடியது தெரியாது, அவர் முன்னால் இருப்பது அந்தக் காகிதம் மட்டும்தான்.

முதல் வேலையாகக் கம்பெனிக்கு எழுதி, “ஆட்குறைப்பு” என்ற காரணத்தையும் கடைசி வேலை நாளையும் தெளிவாகக் குறிப்பிட்டுத் திருத்தக் கடிதம் கேளுங்கள். போனில் கேட்காதீர்கள். ஈமெயிலில் கேளுங்கள், வாட்ஸ்அப்பாக இருந்தாலும் பரவாயில்லை. கேட்டதற்கு ஆதாரம் இருக்க வேண்டும். ஆட்குறைப்பு செய்யும் முதலாளி குறைந்தது 30 நாளைக்கு முன்பே பி.கே. பாரத்தை, அதாவது ஆட்குறைப்பை அறிவிக்கும் பாரத்தை, தொழிலாளர் இலாகாவுக்கு அனுப்பியாக வேண்டும். அனுப்பினார்களா என்று கம்பெனியிடம் கேளுங்கள், இலாகாவிலும் விசாரியுங்கள்.

அதைவிட வலுவான ஆதாரம் உங்களிடமே இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவரை ஆட்குறைப்பில் அனுப்பினால், ஒவ்வொரு வருடத்துக்கும் 20 நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். இரண்டு முதல் ஐந்து வருடம் வரை என்றால் 15 நாள், அதற்கும் குறைவு என்றால் 10 நாள். மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேற்படாத, ஒரு வருடமாவது வேலை செய்தவர்களுக்கு இது சட்டப்படி உள்ள உரிமை. அந்தக் கணக்குச் சீட்டு உங்கள் ஃபைலில் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். ராஜினாமா செய்தவருக்கு யாரும் 20 நாள் கணக்குப் போட்டுப் பணம் கொடுக்க மாட்டார்கள். அந்தப் பணமே வரவில்லை என்றால் உடனே தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள், வேலை முடிந்த ஏழு நாளுக்குள் அது வந்திருக்க வேண்டும். அதை வாங்கினால் சொக்சோ பணம் போய்விடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். போகாது, இரண்டும் வேறு வேறு.

என் கதையும் ஒன்று உண்டு. 2019-இல் என்னை அனுப்பிய கம்பெனி கொடுத்த கடிதத்தைப் படிக்காமலே கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். மற்றவர்களுக்கு எத்தனை கடிதம் அடித்தவள் நான்! அன்று கண்ணில் தண்ணீர் நின்றதால் எழுத்தே தெரியவில்லை. வீட்டில் என் மகள்தான் பிரித்துப் படித்து, “அம்மா, கடைசி நாள் போன மாதம் என்று போட்டிருக்கே” என்றாள். ஒரே ஓர் எண். அதைத் திருத்தி வாங்க ஒரு மாதம் அலைந்தேன். அதனால்தான் சொல்கிறேன்: கையெழுத்துப் போடும் முன் காரணத்தையும் தேதியையும் மட்டுமாவது படியுங்கள். புரியாவிட்டால், “வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன்” என்று சொல்லுங்கள்.

செந்தூலில் நான் வேலை செய்த கடை ஒரே இரவில் மூடிவிட்டது. முதலாளி போனை எடுப்பதில்லை. கடிதம் இல்லாமல் எப்படி விண்ணப்பிப்பது? கடிதம் வரட்டும் என்று ஒரு மாதமாகக் காத்திருக்கிறேன்.

தம்பி, காத்திருந்தது போதும். வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பம் போக வேண்டும். உங்களுக்குப் பாதி நாள் போய்விட்டது. கடிதத்துக்காகக் காத்திருந்து அந்தக் கெடுவைத் தவறவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான்.

தொழில் மூடப்பட்டு வேலை போனால் இந்தத் திட்டம் அதை ஏற்கிறது. அதனால் கடிதம் இல்லாவிட்டாலும் இன்றே ஆன்லைனில் விண்ணப்பியுங்கள். கையில் இருப்பதையெல்லாம் இணைத்துவிடுங்கள்: பூட்டிய கதவில் ஒட்டிய அறிவிப்பின் படம், “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்ற வாட்ஸ்அப் செய்தி, கடைசிச் சம்பளச் சீட்டு, சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கின் பக்கம். செய்தியைப் படம் எடுக்கும்போது தேதியும் அனுப்பியவர் எண்ணும் தெரிய வேண்டும். அப்புறம் தொழிலாளர் இலாகாவில் ஒரு புகார் கொடுத்து, அதன் நகலையும் சேர்த்துவிடுங்கள். ஆன்லைனில் சிக்கிக்கொண்டால் ஜாலான் அம்பாங்கில் உள்ள சொக்சோ தலைமையகமான மெனாரா பெர்கேசோவுக்கு நேரில் போங்கள். ஐ.சி.யை (அடையாள அட்டையை) மறக்காதீர்கள்.

என் ஒரு வருடக் கான்ட்ராக்ட் முடிந்து புதுப்பிக்கவில்லை. கிடைக்குமா?

கிடைக்காது. கான்ட்ராக்ட் அதன் தேதியில் முடிவது வேலை இழப்புக் கணக்கில் வராது. ஆனால் முடிய வேண்டிய தேதிக்கு முன்பே முதலாளி நிறுத்தியிருந்தால் விஷயம் வேறு, அப்போது விண்ணப்பிக்கலாம். கான்ட்ராக்ட்டின் முதல் பக்கத்தையும் நிறுத்திய கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதியைப் பாருங்கள்.

முதல் மாதம் ஏறக்குறைய 2,000 வெள்ளி வந்தது. இரண்டாவது மாதம் 1,200 சொச்சம்தான். யாரிடம் புகார் கொடுப்பது? (பட்டர்வொர்த்)

புகார் வேண்டாம் ஐயா, கணக்கு சரிதான். வேலை தேடும் உதவித்தொகை மாதா மாதம் குறைந்துகொண்டே வரும்: முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாவது மாதம் 50, மூன்றாவதிலும் நான்காவதிலும் 40, ஐந்தாவதிலும் ஆறாவதிலும் 30. எத்தனை மாதம் கிடைக்கும் என்பது நீங்கள் சந்தா கட்டிய காலத்தைப் பொறுத்தது, மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை.

இங்கே “சம்பளம்” என்பது சொக்சோ அட்டவணையில் உள்ள சம்பளம். உங்கள் சம்பளம் 2,500 வெள்ளி என்றால் அட்டவணை அதை 2,450 என்று எடுத்துக்கொள்ளும். அதில் 80 விழுக்காடு 1,960, அடுத்த மாதம் 1,225, அப்புறம் 980. 2024 அக்டோபரிலிருந்து உச்சவரம்பு 6,000 வெள்ளி. அதற்கு மேல் எவ்வளவு வாங்கியிருந்தாலும் அந்த வரம்பை வைத்துத்தான் கணக்கு. வீட்டு வாடகையையும் கார் தவணையையும் முதல் மாதத் தொகையை நம்பித் திட்டமிடாதீர்கள். மூன்றாவது மாதத்தில் கை இறுகும்.

இரண்டு மாதம் ஒழுங்காக வந்தது. மூன்றாவது மாதம் நின்றுவிட்டது. (கெப்போங்)

வேலை தேடியதைப் பதிவு செய்தீர்களா? உதவித்தொகையின் பெயரிலேயே “வேலை தேடும்” என்று இருக்கிறது. சொக்சோவின் வேலை தேடும் தளமான மைஃபியூச்சர்ஜாப்ஸில் பெயர் பதிந்து, எங்கெல்லாம் விண்ணப்பித்தீர்கள், எந்த நேர்முகத் தேர்வுக்குப் போனீர்கள் என்று தெரிவித்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஆட்கள் தெரிந்தவர்கள் மூலம்தான் அதிகம் வேலை தேடுகிறார்கள். மாமா சொன்ன லாரி கம்பெனிக்கு நேரில் போய்ப் பார்த்தேன் என்றால் அதுவும் தேடல்தான், ஆனால் பதிவில் ஏறாவிட்டால் அதிகாரிக்குத் தெரியாது. போன இடத்தின் பெயர், தேதி, பேசியவர் யார் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பொருத்தமான வேலை வந்து, தக்க காரணம் இல்லாமல் மறுத்தாலும் தொகை நிற்கலாம்.

பதிவெல்லாம் சரியாக இருக்கிறது என்றால் வங்கிக் கணக்கைப் பாருங்கள். கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், உயிரோடும் இருக்க வேண்டும். வருடக்கணக்கில் தொடாமல் முடங்கிப்போன பழைய கணக்கு எண்ணைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவரை எனக்குத் தெரியும்.

சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறது. ஆனால் சொக்சோவில் கேட்டால் ஆறு மாதச் சந்தா வரவில்லை என்கிறார்கள்.

இது தாமதக் கணக்கில் சேராது, உங்கள் காசை எடுத்து வைத்துக்கொண்டார்கள். 2018 ஜனவரியில் தொடங்கியதிலிருந்து இந்தத் திட்டத்துக்குத் தொழிலாளி 0.2 விழுக்காடு, முதலாளி 0.2 விழுக்காடு கட்ட வேண்டும். 2,500 வெள்ளி சம்பளத்துக்கு உங்கள் பங்கு 4 வெள்ளி 90 சென், சீட்டில் எஸ்.ஐ.பி. அல்லது இ.ஐ.எஸ். (இந்தத் திட்டத்தின் மலாய், ஆங்கிலச் சுருக்கப் பெயர்கள்) என்ற வரியில் இருக்கும். சின்னத் தொகை என்பதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் முதல் முறை விண்ணப்பிப்பவருக்கு வேலை போவதற்கு முந்தைய 24 மாதத்தில் குறைந்தது 12 மாதச் சந்தா இருக்க வேண்டும். ஆறு மாதம் காணாமல் போய், மீதி 12-க்குக் குறைந்தால் மொத்தமும் கெட்டுவிடும்.

சம்பளச் சீட்டுகளோடு சொக்சோவிலேயே எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். பிடித்ததைக் கட்டாமல் இருப்பது குற்றம், முதலாளியை விரட்டிப் பிடிக்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. ஒன்று மட்டும்: பல கடைகள் கொடுக்கும் சீட்டு வெப்பத்தில் அச்சாகும் மெல்லிய தாள். போன மாதம் ஒரு பெண்மணி பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த சீட்டுகளை என் மேசையில் பரப்பினார், பாதியில் எழுத்தே இல்லை, வெள்ளைத் தாள். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள்.

எனக்கு 61 வயது. விண்ணப்பிக்கலாமா?

முடியாது அண்ணே. இந்தத் திட்டம் 18 முதல் 60 வயது வரைதான். ஆட்குறைப்புப் பணத்துக்கான உங்கள் உரிமையைத் தொழிலாளர் இலாகாவில் கேட்டுப் பாருங்கள்.

சம்பளத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். தாங்க முடியாமல் நானே விலகினேன். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும், ஆனால் எளிதல்ல. முதலாளியின் நடத்தையால் வேறு வழியில்லாமல் விலகியதைச் சட்டம் மறைமுகப் பணிநீக்கம் என்று பார்க்கிறது, அதற்கு இந்தத் திட்டத்தில் இடம் உண்டு. வேலையிடத்தில் பாலியல் தொல்லையாலோ மிரட்டலாலோ விலகியவர்களுக்கும் இடம் உண்டு, சகோதரிகள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆதாரம்தான் முக்கியம். சம்பளம் குறைந்ததைக் காட்டும் சீட்டுகள், நீங்கள் ஆட்சேபித்து எழுதியது, விலகல் கடிதத்தில் எழுதிய காரணம். “குடும்பச் சூழ்நிலை காரணமாக” என்று மரியாதைக்கு எழுதியிருந்தால் அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும்.

இன்னொரு கெடுவும் இருக்கிறது. அநியாயமாக வேலையிலிருந்து நீக்கப்பட்டேன், வேலை திரும்ப வேண்டும் என்று கேட்பதானால், 1967-ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின் கீழ் தொழிலியல் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். அதற்கும் 60 நாள்தான். சொக்சோவில் போட்டுவிட்டோம், அதுவே போதும் என்று இருந்துவிடாதீர்கள். அது வேறு ஆபீஸ், வேறு மனு.

விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. அதற்குள் புது வேலை கிடைத்துவிட்டது. சொன்னால் பணம் போய்விடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். (பாயான் லெப்பாஸ்)

வாழ்த்துகள்! சொல்லிவிடுங்கள். புது முதலாளி சந்தா கட்டத் தொடங்கியதும் சொக்சோவுக்குத் தெரிந்துவிடும். மறைத்து வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும். சொல்வதில் லாபமும் இருக்கிறது. சீக்கிரம் வேலைக்குப் போகிறவருக்கு, வாங்காமல் மீதியிருக்கும் உதவித்தொகையில் 25 விழுக்காட்டை ஒரே தொகையாகக் கொடுப்பார்கள். 2,500 வெள்ளி சம்பளக்காரர் ஆறு மாதத் தகுதியோடு ஒரு மாதத் தொகை வாங்கிய பிறகு வேலைக்குப் போனால், மீதி 4,655 வெள்ளி, அதில் கால் பங்கு 1,163 வெள்ளி 75 சென். புது வேலைக்கான நியமனக் கடிதத்தையும் வேலையில் சேர்ந்த தேதிக்கான ஆதாரத்தையும் விண்ணப்பத்தோடு சேருங்கள். அந்தக் கடிதத்தில் உள்ள தேதியையும் ஒரு முறை படித்துவிட்டு அனுப்புங்கள்.